நேராகப் பறக்குமா? கம்ப்யூட்டரில் ராக்கெட் வடிவமைக்கலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் சில வாரங்கள் கடிதம் டைப் செய்வார்கள், பாட்டுக் கேட்பார்கள், சீட்டு விளையாடுவார்கள். அதன் பின்னர், இதில் வேறு என்னதான் செய்யலாம் என்று கேட்கத் தொடங்குவார்கள். அப்படிக் கேட்பவர்களுக்காக, குறிப்பாக வீட்டில் பள்ளி, கல்லூரி செல்லும் பிள்ளைகள் உள்ளவர்களுக்காக, இந்த மாதம் ஒரு இலவச புரோகிராமைப் பார்க்கலாம். இதன் பெயர் ஓப்பன்ராக்கெட். ராக்கெட் ஒன்றை மானிட்டரில் கட்டி, மோட்டார் பொருத்தி, எவ்வளவு உயரம் போகும், நேராகப் போகுமா, பத்திரமாக இறங்குமா என்று பார்க்க உதவும் புரோகிராம் இது.

அமெரிக்காவில் இது வெறும் மானிட்டர் விளையாட்டு அல்ல. அட்டைக் குழாயிலும் ப்ளைவுட்டிலும் ஆள் உயர ராக்கெட்டுகளைத் தாங்களே கட்டி, நெவாடா மாநிலத்தின் பிளாக் ராக் பாலைவனம் போன்ற திறந்த வெளிகளில் ஏவுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் அங்கே ஏராளம். இதற்கு ஹை பவர் ராக்கெட்ரி என்று பெயர். 2009 ஏப்ரலில் ஸ்டீவ் ஈவ்ஸ் என்பவர், நிலவுக்கு மனிதரை அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டைப் பத்தில் ஒரு பங்கு அளவில், 36 அடி உயரத்தில் கட்டி மேரிலாண்டில் ஏவினார். எடை 700 கிலோவிற்கும் மேல். ஏறத்தாழ 1,350 மீட்டர் உயரம் சென்று, பாராசூட்டில் நல்லபடியாகத் தரை இறங்கியது.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. வீட்டில் ராக்கெட் மருந்து கலப்பது எப்படி என்று காட்டும் வீடியோக்கள் இணையத்தில் கிடைக்கின்றன. அந்தப் பக்கம் போகவே வேண்டாம். உரிமம் இல்லாமல் வெடிமருந்து தயாரிப்பது 1884 ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், விரல்கள் முக்கியம் அல்லவா? இந்தப் பொழுதுபோக்கு பிறந்ததே அந்தக் கவலையில்தான். 1950களில் அமெரிக்கச் சிறுவர்கள் இரும்புக் குழாய்களில் ரசாயனங்களை அடைத்துப் பற்ற வைத்துக் காயப்பட்டார்கள். நெப்ராஸ்கா மாநிலத்தில் நார்போக் என்ற ஊரில் செருப்புக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல், 1954ல் காகிதக் குழாயால் ஆன ராக்கெட்டையும், அதில் செருகிப் பயன்படுத்திவிட்டு எறியக்கூடிய மோட்டாரையும் உருவாக்கினார். ராக்கெட் ஏவுதளத்தில் பணியாற்றி, அதன் பாதுகாப்பு பற்றிப் பத்திரிகையில் எழுதிய ஹாரி ஸ்டைனுக்கு அதை அனுப்பினார். 1957ல் ஸ்டைன் இதற்கென ஒரு நிறுவனமும், ஒரு சங்கமும் தொடங்கினார். மருந்தை நீ தொடாதே, தொழிற்சாலையில் செய்து சோதிக்கப்பட்ட மோட்டாரை மட்டும் வாங்கு, மற்றதை எல்லாம் நீயே கட்டு என்பதுதான் அன்று முதல் விதி.

அந்த மோட்டார்கள் நம் ஊர்க் கடைகளில் கிடைப்பதில்லை. ஆனால் அவற்றின் கணக்குகள் அனைத்தும் ஓப்பன்ராக்கெட்டில் உள்ளன. வடிவமைக்கும் பாடத்தை முழுவதுமாக வீட்டிலேயே கற்கலாம். பைசா செலவில்லை.

மோட்டார் பெயரைப் படிப்பது எப்படி?

மோட்டார் என்றவுடன் கரண்டில் சுற்றும் மோட்டார் என எண்ண வேண்டாம். திட எரிபொருள் அடைத்த உருளையைத்தான் இங்கு மோட்டார் என்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எழுத்தும் ஒரு எண்ணும் உண்டு. எழுத்து, மோட்டார் தரும் மொத்த உந்தலைக் குறிக்கும். ஏ என்றால் 2.5 நியூட்டன் நொடி வரை, பி என்றால் 5 வரை, சி என்றால் 10 வரை. கம்ப்யூட்டர் மெமரி 128, 256, 512 என்று இரட்டிப்பாகச் செல்வது போலவே ஒவ்வொரு எழுத்திற்கும் இதுவும் இரட்டிப்பாகும். இப்படியே போனால் ஜி என்பது 160 வரை, எச் என்பது 320 வரை. 160ஐத் தாண்டினால் ஹை பவர்.

எழுத்தை அடுத்து வரும் எண் சராசரி உந்துவிசை. எடுத்துக்காட்டாக, எச்128 என்றால் எச் வகுப்பு, சராசரியாக 128 நியூட்டன் விசை. ஏரோடெக் நிறுவனத்தின் எச்128டபிள்யூ மோட்டார் மொத்தம் ஏறத்தாழ 173 நியூட்டன் நொடி தருகிறது. 173ஐ 128ஆல் வகுத்தால் எவ்வளவு நேரம் எரியும் என்று தெரிந்துவிடும். ஒன்றரை நொடி கூட இல்லை! அதன் பின் ராக்கெட் தன் வேகத்திலேயே மேலே போகிறது.

எச், ஐ மோட்டார்களை வாங்கிப் பறக்கவிட லெவல் 1 சான்றிதழ் வேண்டும். நாமே கட்டிய ராக்கெட் ஒன்றை, சங்கத்தினர் பார்த்திருக்க ஏவி, மீண்டும் பறக்கக்கூடிய நிலையில் திரும்பப் பெற வேண்டும். அதன் பின்னர் லெவல் 2, லெவல் 3 என்று போகும். நாம் இன்று வடிவமைக்கப் போவது ஒரு லெவல் 1 ராக்கெட்.

இரண்டு புள்ளிகள்

தீபாவளி ராக்கெட்டில் நீளமான குச்சி ஏன் கட்டியிருக்கிறார்கள் என்று யோசித்ததுண்டா? குச்சியை ஒடித்துவிட்டுப் பற்ற வைத்தால் என்ன ஆகும் என்பது தெருவில் ஓடி ஒளிந்தவர்களுக்குத் தெரியும்.

எந்த ராக்கெட்டிலும் இரண்டு புள்ளிகள் முக்கியமானவை. ஒன்று எடை மையம்; ராக்கெட்டைப் படுக்கை வாக்கில் விரலில் வைத்தால் சாயாமல் நிற்கும் இடம். மற்றொன்று அழுத்த மையம். காற்று பக்கவாட்டில் தள்ளும் விசை முழுவதும் குவிவதாகக் கொள்ளக்கூடிய இடம். எடை மையம் முன்னாலும், அழுத்த மையம் பின்னாலும் இருக்க வேண்டும். அப்போதுதான் ராக்கெட் சற்றுச் சாய்ந்தாலும் காற்றே அதன் வாலைத் தள்ளி நேராக்கும். இடம் மாறிவிட்டால் அதே காற்று ராக்கெட்டைப் புரட்டிவிடும். குச்சி தன் வாலை வெகு தொலைவு பின்னால் நீட்டி, அழுத்த மையத்தைப் பின்னுக்கு இழுக்கிறது. குச்சி இல்லாத ராக்கெட்டில் அந்த வேலையை வால் இறக்கைகள் செய்கின்றன.

இரண்டு புள்ளிகளுக்கும் உள்ள இடைவெளியை ராக்கெட்டின் விட்டத்தால் வகுத்தால் வருவதுதான் ஸ்டெபிலிட்டி எண். இதன் அலகு காலிபர். 1க்குக் குறையக் கூடாது என்பது பொதுவான பழக்கம். 1 முதல் 2 வரை நல்லது. மிக அதிகமானாலும் தொல்லைதான். காற்று வரும் திசையை நோக்கி ராக்கெட் தலையைத் திருப்பிக்கொண்டு அந்தப் பக்கமே போகும்.

எடை மையத்தை விரலிலேயே கண்டுபிடிக்கலாம். அழுத்த மையம் அப்படி அல்ல. முன்பெல்லாம் ராக்கெட்டின் பக்கவாட்டு உருவத்தை அட்டையில் வெட்டி, அந்த அட்டை எங்கே சமமாக நிற்கிறது என்று பார்த்துத் தோராயமாக முடிவு செய்தார்கள். அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசாவில் பணிபுரிந்த ஜேம்ஸ் பாரோமேன் 1966ல் இதற்கு எளிய சமன்பாடுகளைத் தந்தார். பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர் சாம்போ நிஸ்கானென், 2009ல் தன் முதுநிலை ஆய்வுக்காக அவற்றை விரிவுபடுத்தி எழுதிய புரோகிராம்தான் ஓப்பன்ராக்கெட். திறந்த நிலை மென்பொருள் என்பதால் பலர் சேர்ந்து இன்றும் மேம்படுத்தி வருகின்றனர்.

ராக்கெட்டைக் கட்டுவோம்

ஓப்பன்ராக்கெட் டாட் இன்போ என்ற தளத்தில் உங்கள் விண்டோஸ், மேக் அல்லது லினக்ஸ் சிஸ்டத்திற்கான பைலை டவுண்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடவும். முன்பு ஜாவாவைத் தனியாக இன்ஸ்டால் செய்ய வேண்டியிருந்தது. இப்போதைய பதிப்புகளில் அதுவும் சேர்ந்தே வருகிறது. திறந்தவுடன் மேலே மூன்று டேப்கள் தெரியும்: ராக்கெட் டிசைன், மோட்டார்ஸ் அண்ட் கான்பிகரேஷன், பிளைட் சிமுலேஷன்ஸ். நம் வேலையும் இதே வரிசையில்தான். அளவுகள் அங்குலத்தில் இருந்தால், அலகின் மீது கிளிக் செய்து செ.மீ. ஆக மாற்றிக் கொள்ளவும்.

முதல் டேபில் நோஸ் கோன் பட்டனை அழுத்தி, ஓஜைவ் வடிவம், நீளம் 25 செ.மீ., அடிப்பகுதி விட்டம் 6.6 செ.மீ. எனத் தரவும். அடுத்து பாடி ட்யூப்: நீளம் 90 செ.மீ., வெளி விட்டம் 6.6, மெட்டீரியல் கார்ட்போர்ட். பாடி ட்யூபைத் தேர்ந்தெடுத்த நிலையில் ட்ரபிசாய்டல் பின் செட் என்பதை அழுத்தினால் வால் இறக்கைகள் வரும். எண்ணிக்கை 3, அடிப்பக்க நீளம் 18, நுனி நீளம் 8, உயரம் 9, பின்னோக்கிய சாய்வு 10 செ.மீ., தடிமன் 3 மி.மீ., மெட்டீரியல் ப்ளைவுட். இறக்கையின் பின்முனை குழாயின் பின்முனையோடு ஒட்டி இருக்குமாறு வைக்கவும். உள்ளே 30 செ.மீ. நீளத்தில், 29 மி.மீ. மோட்டார் நுழையும் அளவிற்கு ஒரு இன்னர் ட்யூப். அதன் மோட்டார் டேபில் இது மோட்டார் மவுண்ட் என்று டிக் செய்திட மறக்க வேண்டாம். அதைத் தாங்கிப் பிடிக்க சென்டரிங் ரிங்குகள். கடைசியாக 75 செ.மீ. பாராசூட், ஒரு ஷாக் கார்ட்.

படத்தில் நீலமும் வெள்ளையும் கலந்த வட்டம் எடை மையம். சிவப்புப் புள்ளி அழுத்த மையம். ஸ்டெபிலிட்டி எண் படத்தின் மேல் மூலையில் தெரியும்.

இங்கே புதியவர்கள் வழக்கமாக ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மூக்கு 100 கிராம், குழாய் 170, பாராசூட்டும் கயிறும் 130, இறக்கைகள் 70, மோட்டார் மவுண்ட் 90, பசை 60 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 620 கிராம். எடை மையம் மூக்கு நுனியிலிருந்து சுமார் 68 செ.மீ. தொலைவில் வரும். பாரோமேன் சமன்பாட்டின்படி அழுத்த மையம் சுமார் 92 செ.மீ. இடைவெளியை 6.6ஆல் வகுத்தால் 3.6 காலிபர். ஆகா, பிரமாதம் என்று தோன்றும். ஆனால் மோட்டார் எங்கே? எச்128டபிள்யூ மோட்டார் 206 கிராம். அது இருப்பதோ வால் நுனியில். இரண்டாவது டேபில் மோட்டாரைத் தேர்ந்தெடுத்து, முதல் டேபில் அந்தக் கான்பிகரேஷனைக் காட்டச் செய்திடுங்கள். எடை மையம் 77க்கு நகர்ந்துவிடும். எண் 2.3க்கு இறங்கிவிடும். மோட்டார் இல்லாத படத்தில் தெரியும் எண்ணுக்கு மதிப்பே இல்லை. மோட்டாருடன் தானே பறக்கப் போகிறது!

இப்போது ஒரு விளையாட்டு. இவ்வளவு பெரிய இறக்கை அழகாக இல்லையே என்று உயரத்தை 9லிருந்து 6 செ.மீ. ஆகக் குறைத்துப் பாருங்கள். வெறும் 3 செ.மீ. தானே என்று நினைப்போம். அழுத்த மையம் 92லிருந்து 82க்கு, ஏறத்தாழ 10 செ.மீ. முன்னால் ஓடி வந்துவிடும். ஸ்டெபிலிட்டி 0.9. இன்னும் ஏவலாம் போலத்தான் தெரியும். இந்த 0.9ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பறக்க விட்டுப் பார்ப்போம்

இறக்கையை மீண்டும் 9 செ.மீ. ஆக்கிவிட்டு மூன்றாவது டேபுக்குச் செல்லவும். நியூ சிமுலேஷன் கொடுத்து, லாஞ்ச் கண்டிஷன்ஸ் பகுதியில் ஏவும் ரெயிலின் நீளத்தை 180 செ.மீ. எனத் தந்து ரன் செய்திடவும். ஒரே வரியில் பல எண்கள் வரும். பலரும் அப்போஜி, அதாவது உச்ச உயரம், எவ்வளவு என்று மட்டும் பார்த்து மகிழ்ந்துவிட்டு மூடிவிடுவார்கள். இந்த ராக்கெட்டுக்கு அது 600, 700 மீட்டர் அளவில் இருக்கும். ஆனால் ராக்கெட்டைக் காப்பாற்றும் எண்கள் வேறு.

முதலாவது, ரெயிலை விட்டு வெளியேறும் வேகம். வால் இறக்கைகள் வேலை செய்யக் காற்று வேகமாக ஓட வேண்டும். ரெயில் முடியும் போது நொடிக்கு 15 மீட்டர் வேகமாவது இருக்க வேண்டும் என்பது அனுபவசாலிகளின் கணக்கு. நம் ராக்கெட்டுக்கு 20ஐத் தாண்டும்; பிரச்னை இல்லை. எடை அதிகமான ராக்கெட்டில் சிறிய மோட்டாரைப் போட்டால்தான் இங்கு இடிக்கும். சராசரி உந்துவிசை, ராக்கெட் எடையைப் போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்பது அமெரிக்க தேசிய ராக்கெட்ரி சங்கத்தின் பாதுகாப்பு விதி. ஐந்து மடங்கு என்று வைத்துக் கொள்வோர் அதிகம்.

இரண்டாவது, ஆப்டிமம் டிலே. எரிபொருள் தீர்ந்த பின் மோட்டாருக்குள் ஒரு திரி மெதுவாக எரிந்து, கடைசியில் சிறிது வெடிமருந்தைப் பற்ற வைத்து மூக்கையும் பாராசூட்டையும் வெளியே தள்ளும். இது ராக்கெட் உச்சியில் நிற்கும் நேரத்தில் நடக்க வேண்டும். நம் ராக்கெட்டுக்குச் சுமார் 9 நொடி வரும். 3 நொடி பிந்தினால், தலைகீழாக விழுந்துகொண்டிருக்கும் ராக்கெட் மணிக்கு 100 கி.மீ. வேகத்தைப் பிடித்திருக்கும். அந்த வேகத்தில் பாராசூட் விரிந்தால் கயிறு அட்டைக் குழாயைப் பேன்ட் ஜிப்பைத் திறப்பது போல மேலிருந்து கீழ்வரை கிழித்துவிடும். அங்கே அதற்குப் பெயரே ஜிப்பரிங். சில மோட்டார்களில் டிலே நீளமாகவே வரும். தேவையான அளவு துளையிட்டுக் குறைக்கத் தனிக் கருவி உண்டு. எவ்வளவு குறைப்பது என்பதை இந்த எண்தான் சொல்கிறது.

மூன்றாவது, தரையைத் தொடும் வேகம். நொடிக்கு 6 மீட்டர் போல இருந்தால் இறக்கை உடையாது. அப்படியானால் பெரிய பாராசூட்டாகப் போட்டுவிடலாமே என்று சிலர் கேட்கலாம். கணக்குப் போடுங்கள். 650 மீட்டரிலிருந்து நொடிக்கு 6 மீட்டர் வீதம் இறங்க 108 நொடி ஆகும். காற்று நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசினால் ராக்கெட் அரை கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய் விழும். பாராசூட்டைப் பெரிதாக்கினால் அடுத்த ஊருக்கே போய்விடும். பாலைவனத்தைத் தேடிப் போவது சும்மா அல்ல. லாஞ்ச் கண்டிஷன்ஸில் காற்றின் வேகத்தை 2, 5, 8 என மாற்றி மாற்றி ரன் செய்து, பிளாட் வசதியில் ராக்கெட் எங்கே விழுகிறது என்று பாருங்கள். காற்று மணிக்கு 20 மைலைத் தாண்டினால் ஏவவே கூடாது என்பதும் அந்தச் சங்கத்தின் விதி.

தராசு சொல்வதுதான் சரி

இதுவரை பார்த்த எண்கள் எல்லாம் நாம் தந்த அளவுகளை நம்பிக் கம்ப்யூட்டர் சொன்னவை. நாம் பசை 60 கிராம் என்றோம், அதுவும் நம்பிவிட்டது. உண்மையில் கட்டும்போது என்ன நடக்கும்? இறக்கை பிய்ந்துவிடுமோ என்ற பயத்தில் எபாக்ஸியைக் குழைத்து அப்புவோம். பிறகு பெயின்ட், அதன் மேல் இன்னொரு கோட். 100 கிராம் எங்கே கூடியது என்றே தெரியாது. கூடியது பெரும்பாலும் வால் பக்கம்தான்.

அந்த 100 கிராம் என்ன செய்யும்? மோட்டாருடன் 826 கிராமாக இருந்த ராக்கெட் 926 ஆகிறது. எடை மையம் 77லிருந்து 80க்கு நகர்கிறது. 3 செ.மீ., அதாவது ஏறத்தாழ அரை காலிபர். 9 செ.மீ. இறக்கை உள்ள ராக்கெட்டில் 2.3 என்பது 1.8 ஆகும், தாங்கிக்கொள்ளும். ஆனால் அழகுக்காக இறக்கையைக் குறைத்து 0.9ல் நின்ற ராக்கெட்? அது அரைக்கும் கீழே போய்விடும். மானிட்டரில் உள்ள பைல் இன்னமும் 0.9 என்றுதான் காட்டிக்கொண்டிருக்கும். மைதானத்தில் 128 நியூட்டன் விசையுடன் ஒரு ராக்கெட் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாமல் கிளம்பும். எச் மோட்டாருக்குப் பார்வையாளர்கள் குறைந்தது 100 அடி தள்ளி நிற்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். புரண்டு வரும் ராக்கெட் 100 அடியைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்?

எனவே கட்டி முடித்த பின், மோட்டார் இல்லாமல், பாராசூட்டும் கயிறும் உள்ளே வைத்த நிலையில் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். பிறகு ஒரு கயிற்றுச் சுருக்கில் படுக்கை வாக்கில் தொங்கவிட்டு, சாயாமல் நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, மூக்கு நுனியிலிருந்து டேப்பால் அளக்கவும். நம் எடுத்துக்காட்டில் 620 கிராம், 68 செ.மீ. என்று எதிர்பார்த்த இடத்தில் 720 கிராம், 73 செ.மீ. என்று வரும். இப்போது ஓப்பன்ராக்கெட்டில் முழு ராக்கெட்டுக்கான ஸ்டேஜ் பெயரில் டபுள் கிளிக் செய்து, ஓவர்ரைட் டேபுக்குச் செல்லவும். எடை, எடை மையம் இரண்டிற்கும் டிக் செய்து, அளந்த எண்களைத் தரவும். உள்ளே இருக்கும் பாகங்கள் அனைத்திற்கும் சேர்த்து என்ற தேர்வையும் டிக் செய்திடவும். இல்லையென்றால் பாகங்களின் எடையை மீண்டும் கூட்டிவிடும். மோட்டாருடன் நிறுத்த எடையை இங்கே தரக் கூடாது. மோட்டாரின் எடையை புரோகிராமே சேர்த்துக்கொள்ளும்.

அமெரிக்க மைதானங்களில் ராக்கெட்டை ஏவுமுன் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் அதைக் கையில் வாங்கிப் பார்ப்பார். இறக்கைகளை ஆட்டிப் பார்ப்பார். எடை மையம் எங்கே, அழுத்த மையம் எங்கே என்று கேட்பார். பழகியவர்கள் இரண்டையும் குழாயின் மேலேயே குறித்து வைத்திருப்பார்கள். எடை மையக் குறி தவறாக இருந்தால் விரலில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும், திருப்பி அனுப்பிவிடுவார்.

ஸ்டெபிலிட்டி குறைந்துவிட்டது தெரிந்தால், கட்டியதை உடைக்க வேண்டியதில்லை. மூக்கின் உள்ளே சிறிது எடை சேர்த்தால் எடை மையம் முன்னுக்கு வரும். எவ்வளவு என்பதை மாஸ் காம்போனென்ட் ஒன்றை நோஸ் கோனுக்குள் வைத்து, 20, 40, 60 கிராம் என மாற்றிப் பார்த்துத் தெரிந்து கொள்ளலாம். ஆனால் ஓவர்ரைட் டிக் இருக்கும் வரை புதிதாகச் சேர்க்கும் எடை கணக்கில் வராது. டிக்கை எடுத்துவிட்டு, கூடுதலாக வந்த 100 கிராமை இன்னொரு மாஸ் காம்போனென்டாக வாலில் வைத்துவிட்டு, அதன் பிறகு மூக்கில் சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் வேறு வேறு பெயரில் சேவ் செய்திடவும். எந்தப் பைல் தராசில் நிறுத்துத் திருத்தியது, எது வெறும் ஊகம் என்பது பெயரிலேயே தெரியட்டும்.